வலப்பக்கம் திரும்பாத வண்டி

மலையிறங்கும் மத்தியான சேலம் பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"எங்கூட்டுக்காரரு வண்டி எடதுபக்கம் மட்டுந்தானுங்கக்கா திரும்பும்."

"எது கண்ணு, அந்தக் காட்டுல ஓட்டுற பேட்டரி பைக்கா?"

"அதேதானுங்க. எஸ்டேட் மேடுபள்ளத்துல குலுங்குதுன்னு முன்சக்கரத்தப் புடிச்சிருக்கற ஃபோர்க்கைக் கழட்டிட்டு, நொம்ப ஒசரமா வேற வாங்கி அவரே மாட்டுனாரு. பழைய பிரேக் ஓசுக் குழாயி அதுக்கு நீளம் பத்தல. வலதுபக்கம் ஒடிச்சா விண்ணுனு இழுக்குது. மெக்கானிக்கிட்டக் காட்டுங்கன்னா, வீடியோ பாத்து மாட்டுன எனக்கு மெக்கானிக் எதுக்குங்கறாரு."

"அப்பக் கொண்டை ஊசி வளைவுல?"

"எறங்கி, தூக்கித் திருப்பி வெச்சுக்குவாராம். சேலத்துக்கு அதுலதான் காலைலயே கெளம்பிட்டாரு."

அடுத்த வளைவில் ஹெல்மெட் போட்ட ஒருவர், பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அக்கா, வெரசாக் கண்ணாடியச் சாத்துங்க. நம்மளத் தெரிஞ்ச மாதிரி கையக் காட்டப் போறாரு."