அமெரிக்க வேட்பாளருக்காக ஞானசுந்தரம் பேசியது

1986 ஒக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை மாலை, பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் செபஸ்தியாம்பிள்ளை வலன்ரைன். வயது முப்பத்து நான்கு. பிறந்த இடம் இலங்கை, மன்னார். கத்தோலிக்கன். பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பலில் ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடியில், கூரைக்குக் கீழே உள்ள அறையில் ஞானசுந்தரம், பேனாட் ஆகிய இருவருடன் வசிக்கிறேன். லா கூர்னெவில் உள்ள பண்டகசாலை ஒன்றில் பெட்டி ஏற்றி இறக்குவது என் வேலை. எனக்கு அகதி அட்டை கிடைத்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் பாண்டிச்சேரிக்காரர். அவருடைய தமிழ் எனக்கு விளங்குகிறது, என்னுடையது தனக்கு விளங்குவதாக அவரும் சொல்கிறார்.

என்னை ஒருவரும் அடிக்கவில்லை. இதை முதலில் எழுதும்படி கேட்டேன். எல்லாம் வரிசையாகத்தான் வரவேண்டும் என்று அதிகாரி சொன்னபடியால் வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் அறையில் ஊர் அரசியல் பேசக்கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. போன வருடம் எந்த இயக்கம் சரி, எந்த இயக்கம் பிழை என்று பேசப்போய், எங்களோடு இருந்த பேனாட்டின் மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வில்லியே லே பெல்லுக்குப் போய்விட்டார். இன்றுவரை பேனாட்டைக் கண்டால் ரயிலில் பெட்டி மாறி ஏறுகிறார். அதன் பிறகு ஊர்க் கதையை விட்டோம். ஆனால் விவாதம் இல்லாமல் எங்களால் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பழகிய பழக்கம் அது.

பேனாட் ஒரு ஹொட்டேலில் அறை துப்புரவு செய்கிறவர். கோடை காலத்தில் அங்கே தங்கிய ஒரு அமெரிக்கத் தம்பதி விட்டுப்போன பத்திரிகைகளை அவர் அறைக்குக் கொண்டுவந்தார். அவற்றில் அவர்கள் ஊரில் காங்கிரஸ் சபைக்குப் போட்டியிடும் ஹென்ட்றிக் என்ற ஒருவருடைய கொள்கை விளக்கமும் இருந்தது. வரியைக் குறைக்க வேண்டும், ஆயுதத்துக்குக் கூடச் செலவழிக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் செபம் வேண்டும், கருவைக் கலைக்கக் கூடாது, வீட்டில் துவக்கு வைத்திருப்பது குடிமகனின் உரிமை, பத்திரம் இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. ஞானசுந்தரம் யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்காளரிடம் எழுதுவினைஞராக இருந்தவர், ஆங்கிலம் தெரிந்தவர். அவர்தான் அதை வாசித்துச் சொன்னார்.

அந்த மனிதரை எங்கள் மூவருக்கும் தெரியாது, அவர் வென்றாலும் தோற்றாலும் எங்களுக்குள் ஒருவரும் பெட்டி தூக்க வேண்டியதில்லை. அதனால் அவரைப் பிடித்துக்கொண்டோம். பூசை முடிந்து நானும் பேனாட்டும் வந்து, மூவரும் சாப்பிட்ட பிறகு ஞாயிறுதோறும் ஒவ்வொரு கொள்கையாக எடுத்துக்கொண்டோம். பேனாட் தலைவர். பேசுகிறவர் எழுந்து நின்று பேச வேண்டும், “தலைவர் அவர்களே” என்று தொடங்க வேண்டும், கையில் அகப்பை வைத்திருக்க வேண்டும். அகப்பை இல்லாதவர் வாய் திறக்கக் கூடாது. இப்போது சான்றுப் பொருளாக மேசையில் கிடக்கும் அகப்பை அதுதான்.

செபமும் கருவும் எனக்குப் பிடித்த விடயங்கள். ஆகவே நான் ஹென்ட்றிக்கின் பக்கம். ஞானசுந்தரம் எதிர்ப்பக்கம். அவர் வாதாடினால் விடமாட்டார். துவக்குப் பற்றிப் பேசிய ஞாயிற்றுக்கிழமை, “உம்மடை ஆள் வீட்டுக்கு வீடு துவக்கு வைக்கச் சொல்லுறார். துவக்குக்குப் பயந்துதானே ஐசே நாங்கள் இஞ்சை வந்து கிடக்கிறம்” என்றார். உண்மையைச் சொன்னால் அவரோடு விவாதித்து நான் ஒருநாளும் வென்றதில்லை. வெள்ளி, சனி முழுக்க யோசித்துக்கொண்டு போவேன், அவர் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வருவதுண்டு. திங்கட்கிழமை காலை அவர் ஊற்றித் தரும் தேநீரோடு அது போய்விடும்.

இன்று கடைசிக் கொள்கை, அதாவது பத்திரம் இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது. இரண்டு பேரும் ஒரே பாட்டையே படிக்கிறீர்கள் என்று பேனாட் பக்கத்தை மாற்றிவிட்டார். நான் எதிர்த்துப் பேச வேண்டும், ஞானசுந்தரம் ஹென்ட்றிக்குக்காகப் பேச வேண்டும். நான் முதலில் பேசினேன். சத்தமாகப் பேசினேன் என்பது உண்மை. கீழ்மாடி மதாம் பொலிசுக்கு அறிவித்தது அந்தச் சத்தத்துக்காகத்தான் இருக்கும். போன மாதம் நகரத்தில் குண்டுகள் வெடித்த பிறகு அவர் சின்னச் சத்தத்துக்கும் பயப்படுகிறார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. காயத்துக்கு வெள்ளைத் துவாய் கொண்டுவந்து தந்தவரும் அவர்தான்.

அதன் பிறகு ஞானசுந்தரம் அகப்பையை வாங்கிப் பேசினார். ஒரு நாடென்றால் வாசல் வேண்டும், வாசலென்றால் அதைப் பூட்டவும் தெரிய வேண்டும் என்று தொடங்கினார். நன்றாகத்தான் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தலைவர் அவர்களே, உதாரணத்துக்கு என்னையே எடுங்கோ. நான் றெஸ்ரோறன்றிலை கோப்பை கழுவுறன். நான் போனால் நாளைக்கு இன்னொருத்தன் கழுவுவான். இவங்கடை பாசை எனக்கு ஓடுதில்லை. ஒருக்கால் வேண்டாமெண்டும் சொல்லிப்போட்டாங்கள். வேண்டாமெண்ட வீட்டிலை நிக்கிறது மரியாதையில்லை. என்னை அனுப்பத்தான் வேணும்” என்றார்.

அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. றிக்கூர் என்று நாங்கள் சொல்லும் மேன்முறையீட்டு விசாரணை வருகிற செவ்வாய்க்கிழமை. அவர் ஹென்ட்றிக்குக்காகப் பேசவில்லை, தனக்கு எதிராகப் பேசுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னால் பொறுக்க முடியவில்லை. அகப்பை இல்லாமலே, “ஒழுங்குப் பிரச்சினை, தலைவர் அவர்களே” என்று குறுக்கிடத் துள்ளி எழுந்தேன். நான் இருந்தது கட்டிலில், கூரை சரிந்து இறங்கும் பக்கம். அந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்க முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இன்று மறந்துவிட்டேன். கூரை மரத்தில் நெற்றி அடிபட்டு விழுந்தேன்.

ஞானசுந்தரம் ஓடிவந்து ஒரு கையால் என் கழுத்தைச் சுற்றித் தூக்கிப் பிடித்தார். மற்றக் கையில் அகப்பை இருந்தது. அதைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை. அப்போதுதான் பேனாட் கதவைத் திறக்க, ஆறு மாடி ஏறிய களைப்போடு பொலிசார் உள்ளே வந்தார்கள். அவர்கள் கண்ட காட்சியைக் கண்டிருந்தால் நானும் அவரைத்தான் பிடித்திருப்பேன்.

கேள்விக்குப் பதில்: என் காயத்துக்கு யார் காரணம் என்று கேட்டபோது ஞானசுந்தரம் “என்னால்தான்” என்று பிரெஞ்சில் சொன்னது உண்மை. அது அவருடைய சுபாவம். மழை பெய்தாலும் தன்னால்தான் என்பார்.

கேள்விக்குப் பதில்: அமெரிக்காவில் எங்களுக்கு வாக்கு இல்லை. இங்கும் இல்லை.

கேள்விக்குப் பதில்: எழுந்தபோது நான் சொல்ல நினைத்தது என்ன என்று அதிகாரி கேட்கிறார். அது வழக்குக்குத் தேவையா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார், தேவை என்று அதிகாரி சொன்னார். நான் மேசையில் உள்ள அகப்பையைக் கையில் எடுக்கலாமா என்று கேட்டேன். அனுமதி தரப்பட்டது.

நான் சொல்ல நினைத்தது இது. கோப்பை கழுவ இன்னொருவர் வருவார், அது சரி. ஆனால் ஞானசுந்தரம் சைவ சமயக்காரர். வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடமாட்டார். நான் வெள்ளியில் இறைச்சி சாப்பிடாதவன் என்பதற்காக, வேலையால் வந்த கையோடு எனக்கு மீன்குழம்பு வைப்பார். தான் வாயில் வைக்க முடியாதபடியால் இந்த அகப்பையில் கொஞ்சம் எடுத்து, மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “உப்புப் பாரும்” என்று நீட்டுவார். உப்பு ஒருநாளும் பிழைத்ததில்லை. அப்படி ஒருவரை அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு ஆள் எடுக்க எந்த நாட்டாலும் முடியாது. அவரை எனக்குப் பிடிக்கும். இதை அவருக்கு முன்னால் நான் சொன்னதில்லை.

பேனாட் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை வேறு ஆட்கள் சொல்வார்கள். அங்கே ஞானசுந்தரம் நேரத்துக்குப் போயிருக்க வேண்டும், இங்கே அடைபட்டிருக்கக் கூடாது. எல்லா ஞாயிறும் அவர்தான் வென்றார், அதை நான் மறுக்கவில்லை. இந்த ஒரு விவாதத்தில் மட்டும் அவர் தோற்க வேண்டும்.

மேலே எழுதியதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். ஒருவரும் சொல்லித்தராமல் நானாகச் சொன்னது. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. முறைப்பாடும் இல்லை. அகப்பையைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) செ. வலன்ரைன்