பக்கக் காற்று

— பஸ் ஸ்டாப் வந்தா நிக்கணும்னு சைக்கிளுக்கு யாருங்க சட்டம் போட்டா?

— நான் எங்க நிறுத்தினேன்? கால் தானா ஊனிடுச்சு.

— ஏற ஆள் இருக்கான்னு வேற திரும்பிப் பார்த்தீங்க.

— அந்தப் பெரியவர் கை காட்டினாரும்மா.

— அவரு சோம்பல் முறிச்சாரு. நீங்க நின்னதப் பார்த்து பயந்துட்டாரு.

— இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டின பழக்கம். மூணு மாசத்துல போயிடுமா?

— போக வேணாம், வழியில நிக்காம இருந்தா போதும். அந்தத் திருப்பத்துல என்ன பண்ணீங்கன்னு தெரியுமா? எதிர்ச் சாரி வரைக்கும் போய் வளைச்சீங்க.

— அகலமா எடுக்கலன்னா பின்பக்கம் இடிக்கும்ல?

— பின்பக்கம் எங்க இருக்கு? உங்க பின்பக்கத்தோட சைக்கிள் முடிஞ்சு போச்சு!

— சிரிக்காத. உனக்கென்ன, பதினாலு வருஷமா ஆஸ்பத்திரி சலவை வேலைக்கு சைக்கிள்லயே போயிட்டு வர. நான் பதினஞ்சு வயசுல லாரியில கிளீனரா ஏறினவன். நாலு சக்கரத்துக்குக் கீழ எதையும் தொட்டதில்ல.

— இப்பத் தொட்டாச்சே. ரெண்டே வாரத்துல பள்ளிக்கூட மைதானத்துல எட்டு போட்டுக் காட்டினீங்களே.

— மைதானத்தச் சுத்தி சுவரு இருந்துச்சு. இங்க பாரு, சட்டை எப்படி உப்புது. இன்னும் பாலமே வரல.

— காத்து மாசம்னா காத்து அடிக்கத்தான் அடிக்கும். நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு நீங்க டிப்போவுல நிக்கணும். அதனாலதான் ஞாயித்துக்கிழமை மத்தியானம், ரோடு காலியா இருக்கறப்பவே கூட்டிட்டு வந்தேன்.

— அஞ்சு மணிக்கு! முதல் பஸ்ஸே அஞ்சரைக்குத்தான். பஸ்ஸுக்கு முன்னாடி நான் போகணும், எதுக்கு? அந்த பஸ்ஸுக்கு டீசல் ஊத்தறதுக்கு.

— ஒரு கண்ணு மங்கல்னு லைசென்ஸப் புடுங்கினாங்க. மொபெட்டுக்கும் கிடையாதுன்னாங்க. வேலையப் புடுங்கலையே. டீசல் பம்புல போட்டிருக்காங்க.

— நேத்து வரைக்கும் ஸ்டியரிங் பிடிச்சவன், நாளையிலேர்ந்து டேங்க் மூடியத் திறக்கறவன்.

— மூடியத் திறக்காம எந்தப் பெரிய டிரைவரும் டிப்போ கேட்டத் தாண்ட முடியாது. ஏறுங்க. நானும் முதல் ஷிப்டுக்கு மாத்திக்கிட்டேன், சேர்ந்தேதான் போகப் போறோம்.

— இந்தக் கூடையயாவது கழட்டிடலாமா? நம்ம பொண்ணு காலேஜுக்குப் போன சைக்கிள், சரி. அதுல ரோஸ் கலர் கூடை வேற. டிப்போ பசங்க பார்த்தானுங்கன்னா ஒரு மாசத்துக்கு அவனுங்களுக்குப் பொழுது போயிடும்.

— சாப்பாட்டு டப்பாவ தலையில வெச்சுட்டுப் போறீங்களா, அப்பத்தான் ஒரு வருஷத்துக்குப் போகும்.

— எந்தப் பக்கம் வரப் போற?

— உங்களுக்குச் சரியாத் தெரியாத பக்கம். அந்தக் கண்ணுக்குப் பதிலா நான் இருக்கேன். ம், மிதிங்க. மேல என்னத்தப் பாக்கறீங்க?

— பின்னால வர வண்டியப் பாக்கற கண்ணாடி.

— அங்க ஆகாசம்தான் இருக்கு. முன்னால பாருங்க.

— ஏய்... ஏய், தள்ளுது! ஓரமாத் தள்ளுது பாரு!

— ஹாண்டில ஒடிக்காதீங்க! ஐயோ, செடிக்குள்ள... அப்பா சாமி. அடி பட்டுச்சா?

— மானத்துலதான்.

— அது அந்தச் செடியிலதான் எங்கயாவது மாட்டியிருக்கும், நிதானமா எடுத்துக்கலாம். முழங்கையக் காட்டுங்க. சிராய்ப்புதான். ஏன் அப்படி ஒடிச்சீங்க?

— பக்கக் காத்துக்கு ஸ்டியரிங்க எதிர்ல பிடிக்கணும். புதுசா வர ஒவ்வொரு டிரைவருக்கும் நான் சொல்லிக் குடுத்த முதல் பாடமே அதுதான்.

— அது பஸ்ஸுக்கு. இதுல காத்து வர பக்கம் உடம்பக் கொஞ்சம் சாய்க்கணும். கூடவே வண்டியும் சாயும். அவ்வளவுதான் வித்தை.

— சாயறதா? பஸ் சாஞ்சா என்னாகும் தெரியுமா? அம்பது உசுரும்மா. இத்தனை வருஷமும் சாயாம இருக்கத்தான் நான் சம்பளம் வாங்கினேன். லேசா சாஞ்சாலே காலு பிரேக்கத் தேடிப் போகுது.

— போகட்டும். இப்ப உங்களத் தவிர பாசஞ்சர் கிடையாது. இங்க பாருங்க, எங்க ஆஸ்பத்திரி மொட்டை மாடியில ஈரப் போர்வை காயப் போடறோம். புதுசா வந்த பொண்ணு போர்வைய இறுக்கிப் பிடிச்சுட்டு கட்டை மாதிரி நிப்பா. காத்து போர்வையோட அவளையும் சேத்து இழுத்துட்டுப் போகும். பழகினவ தோளக் கொஞ்சம் காத்துக்குக் குடுத்து நிப்பா. அவ நகர மாட்டா.

— நான் போர்வை காயப் போட வரலையே.

— தோளு இருக்குல்ல?

— இந்தா பாரு, எனக்கு வேணாம். நாளைக்குப் போய் வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். இந்தக் காத்துல பாலத்து மேல, இந்த ரோஸ் கூடையோட... முடியாதும்மா.

— எழுதிக் குடுத்துட்டு?

— வீட்டுல இருக்கேன்.

— அதாங்க எனக்குப் பயம். மூணு மாசமா ஜன்னல் பக்கம் அந்த நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கீங்க. தெருவுல போற சத்தத்த வெச்சே எந்த பஸ்ஸு, எந்த கியரு, கிளட்ச் எப்படி இருக்குன்னு சொல்றீங்க. நேத்து சாப்பிடக் கூப்பிட்டா, 'மூணாவது டிரிப் இன்னும் வரல'ங்கறீங்க. சோறு ஆறிப் போச்சு. அந்த நாற்காலியில உங்கள விட்டுட்டு வேலைக்குக் கிளம்பவே எனக்குப் பயமா இருக்குங்க.

— மூணாவது டிரிப் நேத்து நிஜமாவே லேட்டு.

— தெரியும்.

— சரி. ஒரே ஒரு தடவை. பாலத்துல பாதி வரைக்கும்.

— முழுசா.

— முக்கால்.

— டிப்போ என்ன முக்கால் பாலத்துலயா கட்டி வெச்சிருக்காங்க?

— நீ பேசியே ஆள ஏத்திடுவ. ரைட் சொல்லு.

— என்னது?

— பின்னாலேர்ந்து யாராவது ரைட் சொன்னாத்தான் எனக்குக் கால் நகரும்.

— நல்ல கதை. போலாம், ரைட்! அப்படித்தான். கைய இறுக்காதீங்க. மூச்ச விடுங்க. விளக்குக் கம்பத்தப் பாக்காதீங்க, பாக்கற இடத்துக்குத்தான் வண்டி போகும்.

— ஏறுது, ஏறுது. ஓ, வந்துட்டான்! காத்து வந்துட்டான்!

— தோளக் குடுங்க! ரோட்டுப் பக்கம், என் பக்கம் சாயுங்க!

— சாயறேன்... சாயறேன்மா! விழல!

— விழல. பல்லக் காட்டாம ஓட்டுங்க, பூச்சி உள்ள போயிடும்.

— காத்து மேல முதுகச் சாச்சு உக்காந்த மாதிரி இருக்கு! இதெல்லாம் பஸ்ஸுக்குள்ள தெரியறதே இல்ல.

— கண்ணாடிய ஏத்தி விட்டுட்டா எப்படித் தெரியும்? எதிர்ப்பக்கம் ஒரு பெரிய விளம்பரப் பலகை வருது. அது மறைச்சதும் காத்து சட்டுனு நின்னுடும், அப்ப நிமிந்துடுங்க... இப்ப! ஆஹா. எங்கப்பா ஒண்ணும் ஏமாந்து போயிடல, நல்ல மாப்பிள்ளையாத்தான் பார்த்திருக்காரு.

— பின்னால என் வண்டி வருது.

— திரும்பாதீங்க!

— திரும்பல, சத்தம். எனக்குப் பதிலா வந்த பையன். இந்த மேட்டுல மூணாவது கியர்லயே இழுக்கறான், பாவம் இஞ்சின்.

— பேச்ச நிறுத்திட்டு நேரா ஓட்டுங்க. நான் முன்னால போயிடறேன், இடம் விடுங்க.

— அண்ணே! வணக்கம்ணே!

— அவன்தான்! ஹாரன் வேற... ஐயோ! இழுக்குது! உள்ள இழுக்குதும்மா!

— பாலத்துக் கைப்பிடிக் கம்பி! கம்பியப் பிடிங்க! பிடிச்சிட்டீங்களா? காலக் கீழ ஊனுங்க. போயிடுச்சு. பஸ்ஸு போயிடுச்சுங்க. ஒண்ணுமில்ல.

— முதல்ல காத்தே நின்னு போச்சு. அப்புறம் உள்ள இழுத்துச்சு. அப்புறம் ஓங்கி ஒரு அறை.

— தெரியும். தண்ணி குடிங்க.

— நல்ல பையன்தான். நல்லாத்தான் ஓட்டினான். ஒரு கை தூரம் விட்டுத்தான் தாண்டினான்.

— ஆமா.

— நானும் ஒரு கை தூரம்தான் விடுவேன். உள்ள இருந்து பார்த்தா அது மைதானம் மாதிரி தெரியும்.

— ம்.

— தினம் காலைல ஆறே கால். நீ இந்தப் பாலத்து மேல போயிட்டிருப்ப, நீல ஸ்வெட்டர். உன்னத் தாண்டறப்ப ரெண்டு ஹாரன் அடிப்பேன். உனக்கு மட்டும்தான் அது. ஒரு நாள் விட்டிருக்கேனா?

— விட்டதில்ல.

— 'வீட்டுல பேசி முடிக்கலையா அண்ணே'ன்னு கண்டக்டர் கிண்டல் பண்ணுவான்.

— எங்க சலவையிலயும் பண்ணுவாங்க.

— அப்ப தினமும் உனக்கு இதுதானா? இந்த இழுப்பு, இந்த அறை?

— காத்து இல்லாத மாசத்துல ஒண்ணும் இருக்காது.

— காத்து மாசத்துல?

— பழகிடும். குடிங்க, தண்ணியக் கையில வெச்சுட்டே நிக்கறீங்க.

— கையக் காட்டு.

— எந்தக் கைய?

— எலும்பு உடைஞ்சு தகடு வெச்ச கைய. ரெண்டு வருஷம் முன்னாடி, இதே மாசம்தானே? சலவையில ஈரத் தரையில வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்ன.

— ஆமா, வழுக்கிடுச்சு.

— இந்தப் பக்கம் வா. நல்ல கண்ணு இருக்கற பக்கம் வந்து நின்னு சொல்லு. இந்த இடத்துலயா?

— இங்க இல்ல. இன்னும் நாலு கம்பம் தள்ளி. ஒரு பால்காரர் வந்து தூக்கி விட்டாரு. உங்க வண்டி அதுக்குள்ள வளைவு தாண்டிடுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல.

— நான் அடிச்ச ஹாரன்ல விழுந்திருக்க.

— ஹாரன்ல கொஞ்சம், காத்துல கொஞ்சம். உக்காந்து பிரிச்சுப் பாக்கல நான்.

— அடிப்பாவி! உங்க சூப்பர்வைசர் மேல போய்ப் பாஞ்சேனே! தரையத் துடைக்க ஆள் இல்லையான்னு அவரு மேசையத் தட்டினேனே!

— மறு வாரமே ரப்பர் பாய் வாங்கிப் போட்டாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் வழுக்கல. எங்க பொண்ணுங்க இன்னைக்கும் உங்களத்தான் வாழ்த்தறாங்க.

— அந்த மனுஷன் என்கிட்ட மன்னிப்பு கேட்டாரும்மா.

— அது மட்டும் எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு.

— கட்டு பிரிச்சு மறுபடி இதே பாலத்துலதானே போன? நானும் ஒண்ணும் தெரியாம மறுபடி அடிச்சேன்.

— முதல் நாள் ரெண்டுக்கு நாலா அடிச்சீங்க.

— பயமா இல்லையா உனக்கு?

— இல்லாம? பின்னால உங்க இஞ்சின் சத்தம் கேட்டதும் பல்லக் கடிச்சுக்குவேன். ஏன், உங்களுக்கு இப்ப இல்லையா?

— இருக்கு.

— திரும்பிடலாங்க. நானே சொல்றேன். நாளைக்கு ஒரு நாள் லீவு சொல்லிட்டு...

— வேணாம். ஏறு.

— கொஞ்சம் உக்காந்துட்டு...

— ஏறும்மா. மீதிப் பாலம் அப்படியே இருக்கு. நீ முன்னால போ, ஓரமாப் போ. நான் பின்னால வரேன். எந்த வண்டி வந்தாலும் சத்தத்துலயே எனக்குத் தெரியும், வரதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்.

— கூடை?

— கூடை இருந்துட்டுப் போகட்டும். போ.

— சாயறீங்களா?

— சாஞ்சுட்டுத்தான் இருக்கேன். லாரி ஒண்ணு வருது, லோடு இல்லாத லாரி. வேகமா வரான். நேராப் போ, கைய இறுக்காத... வந்தான்... போயிட்டான். இருக்கியா?

— இருக்கேன். நீங்க?

— இருக்கேன். உன்ன ஒண்ணு கேக்கணும்!

— காத்துல கேக்கல, சத்தமா!

— ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே ஹாரன் அடிக்கறத நிறுத்தியிருப்பேனே!

— அதனாலதான் சொல்லல!