செயா கதவை மூடும் காட்சி

கறுப்புக் கண்ணாடிய கழட்டிட்டு உக்காரும்மா. இங்க யாரும் உன்ன போட்டோ எடுக்க மாட்டாங்க. நாய்களுக்கு நடிகை, நட்சத்திரமெல்லாம் தெரியாது. அந்தப் பழப்பெட்டிய ஓரமா வையி. எதுக்கு இதெல்லாம்? நான் என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கேன்?

பேசிக்கிட்டே முடி வெட்டுறேன், தப்பா நெனக்காத. இந்த நாய் தூபுவோட வீட்டம்மா சாயங்காலம் வந்து நிப்பா, ஒரு காது பெருசா ஒரு காது சின்னதா இருந்தா குடியிருப்பு முழுக்க சொல்லிருவா. டேய், ஆட்டாதடா தலைய.

ம், கேளு. நான் தலமுடிய எப்படி முடிவேன், கோவம் வந்தா எப்படி நிப்பேன்னு பாக்க வந்தியா? நீ நடிக்கற செயா நான்தான்னு யாரு சொன்னா உனக்கு? ஜுன்-மோவா? இயக்குநர வச்சுக்கிட்டேவா? ஆகா! விவாகரத்து ஆன பின்னாடியும் பொண்டாட்டிய வச்சுத்தான் பொழப்பு ஓடுது மனுஷனுக்கு.

சரி, தொடர் எப்படிப் போகுது? சொல்லு, சிரிக்காம கேக்குறேன்.

என்னது? விண்கலம் ஒரு பணக்காரக் குடும்பத்துக்குச் சொந்தமா? சேர்மன் தாத்தா உயில் எழுதி வச்சிருக்காரா? ஐயோ, இரு, கத்தரிய கீழ வச்சிடறேன், நாய்க்கு மூக்கு போயிரும். பூமிய விட்டு அவ்வளவு தூரம் போயும் சொத்துத் தகராறுதானா! மாமியார் உண்டா? உண்டுதானே? தெரியும் எனக்கு. விண்வெளி உடுப்பு மேல முத்துமாலை போட்டிருப்பா.

ஜுன்-மோ செஞ்ச கணினி விளையாட்டுல இதெல்லாம் கெடையாதும்மா. ஒண்ணு ரெண்டு தடவ விளையாடிப் பாத்தியா? விளையாடலயா? பதினாறு எபிசோடு செயாவா நடிக்கப் போற, விளையாட்டத் தொட்டுக்கூடப் பாக்கல. ஒன்னையும் குத்தம் சொல்ல முடியாது, அந்த இயக்குநரே தன் மச்சான் விளையாடறத வேடிக்க பாத்துட்டுத்தான் எடுக்க வந்திருப்பாரு.

கேளு. விண்கப்பல்ல தீப்புடிக்குது. எஞ்சின் அறைக்குள்ள செயாவோட தம்பி. அறைக் கதவ மூடினா மத்தவங்க பொழைப்பாங்க, தம்பி போயிருவான். மூடலன்னா மொத்தக் கப்பலும் வெடிச்சிரும். தெரையில ரெண்டு பொத்தான் வரும், மூடு, மூடாதன்னு. எல்லாரும் மொதல்ல மூடாதன்னுதான் அழுத்துவாங்க. வெடிக்கும். திரும்ப அதே எடத்துக்கு வந்து நிக்கணும், மூடித்தான் ஆகணும். மூடினப்பறம் இருக்கே வசவு! அழுத்தினது இவனுங்க வெரலு, திட்டு வாங்குறது செயா. சூனியக்காரி, தம்பியத் தின்னவ. நீ ஒரு நாள் இணையத்துல இவனுங்க எழுதறதப் படிச்சுப் பாரு, சோறு எறங்காது.

உங்க தொடர்ல செயா எதுக்கு மூடறா? தம்பி பங்கையும் சேத்துச் சுருட்டவா? மூடிட்டு ஒரு சிரிப்பு வேற சிரிக்கணுமா? நாளைக்கே அந்தக் காட்சியா! நல்லாருக்கு. ஜுன்-மோ அதுக்கும் தலையாட்டினாராக்கும். ஆலோசகர்னு நாற்காலியில பேரு ஒட்டினதும் வாய் அடைச்சுப் போச்சு போல.

நானா? நான் விளையாடினேம்மா. வெளியான அன்னிக்கே. வீட்ல இல்ல, அவரு முன்னாடி வேணாம்னு காசு குடுத்து விளையாடற கணினிக் கடைக்குப் போயி, காப்பியும் ராம்யோன் நூடுல்ஸுமா மாணவப் பசங்களுக்கு நடுவுல உக்காந்து விளையாடினேன். பக்கத்துல ஒரு காலேஜ் பையன் கெட்ட வார்த்தையில செயாவத் திட்டிக்கிட்டே கதவ மூடறான். என் தெரையிலயும் அதே பொத்தான். அப்படியே எழுந்து வீட்டுக்குப் போயி பெட்டியக் கட்டினேன். ஏன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல.

சொல்றேன், இரு. நீ நல்ல பொண்ணு மாதிரி தெரியற.

நாங்க இருந்த மூணாவது மாடி வீட்ல தீப்புடிச்சது நெசம். என் தம்பி கியூ-மின் எங்ககூடத்தான் இருந்தான். வண்டியில சாப்பாடு கொண்டு போய்க் குடுக்கற வேலை. வண்டி பேட்டரிய சார்ஜ்ல போட்டுட்டு உள்ரூம்ல அசந்து தூங்கிட்டான். நடுக்கூடம் பூரா நெருப்பு. புகையில நான் விழுந்துட்டேன், ஜுன்-மோ என்னை முதுகுல தூக்கிக்கிட்டு வெளிய வந்தாரு. எனக்கு நெனவு இல்லன்னு நெனச்சுக்கிட்டாரு.

இருந்துச்சு.

கண்ணு லேசாத் தொறந்துதான் இருந்துச்சு. அவரு வாசல்ல நின்னாரு. கியூ-மின்னுன்னு ஒரே ஒரு தடவ கூப்பிட்டாரு. உள்ள இருந்து சத்தம் இல்ல. அப்பறம் இரும்புக் கதவ மூடினாரு.

மூடினதாலதான் மேல் வீட்டுக் கைக்குழந்த பொழச்சுதுன்னு தீயணைப்புக்காரங்களே சொன்னாங்க. எனக்கு அதுல கோவமே இல்லம்மா. அவரு எடத்துல நான் இருந்தாலும் வேற வழி இல்ல. ஆனா கண்ணு முழிச்சதும் அவரு எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? காத்துல கதவு தானா அடிச்சுக்கிச்சுன்னாரு. நானும் ஆமான்னேன். அழுதுட்டிருக்கற மனுஷன்கிட்ட வேற என்ன சொல்லுவ? இன்னும் ரெண்டு, மூணு வருஷம் போனா அவரே வாயத் தொறந்து சொல்லுவாருன்னு காத்திருந்தேன்.

சொன்னாரு. விளையாட்டா செஞ்சு, ஊருக்கே சொன்னாரு. மூடின கைய மட்டும் எனக்கு மாத்திட்டாரு.

அழாத. மை கலையுது பாரு. அந்தத் துண்டு வேணாம், நாய்த் துண்டு அது, இந்தா இத எடுத்துக்க.

எந்தக் கையாலயா? நல்லாக் கேட்டடி! இதக் கேக்கத்தானே வந்திருக்கணும் நீ. இடது கையால. வலது கையாலதான் முதுகுல இருந்த என்னைத் தாங்கிட்டிருந்தாரே. முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, தோளால தள்ளி, இடது கையால அழுத்தி மூடினாரு. சிரிப்பெல்லாம் வேணாம். நாளைக்கு அப்படியே செய்யி. ஜுன்-மோ கேமரா பக்கத்துலதானே உக்காந்திருப்பாரு? இயக்குநர் கேட்டா உனக்கே தோணுச்சுன்னு சொல்லிரு. ஜுன்-மோ ஒண்ணும் கேக்க மாட்டாரு, நான் பாத்தேன்னு அவருக்குப் புரிஞ்சிரும்.