ஜாஸ்மின் போட்ட பிரிண்ட்

நான் பொதுவாக அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்கிறவன் இல்லை. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறுவேன், ராஜபாளையத்தில் இறங்குவேன், என் வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். நீங்கள் கேட்பதால் சொல்கிறேன் சார்.

எங்கள் கம்பெனியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணியை நீராவிப் பெட்டியில் வைத்துக் கிருமி நீக்குகிறோம். சூடு 121 டிகிரியில் முழு நேரம் நின்றதா என்று பார்த்து 'பாஸ்' போடுவது கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு பைதான் புரோகிராம். எழுதியவள் ஜாஸ்மின். எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். நானும் புரோகிராம் எழுதுகிறவன்தான், ஆனாலும் முதலாளி இந்த வேலையை அவளிடமே கொடுத்துவிட்டார்.

தப்பு தேட அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஒரே வழி, பத்து வரிக்கு ஒரு பிரிண்ட் கட்டளை போட்டுவிட்டுத் திரையில் ஓடும் எண்களை வாய் பார்ப்பது. டீபக்கர் என்று ஒன்று இருக்கிறது, வேண்டிய வரியில் புரோகிராமை நிறுத்தி உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கலாம் என்று மீட்டிங்கில் சொன்னேன்.

"அதப் படிக்கிற நேரத்துல பத்து பிரிண்ட் போட்டுருவேண்ணே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மத்தியானமே அவள் புரோகிராமை என் டீபக்கரில் ஓட்டினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கரண்ட் போனால் சூட்டை அளக்கும் சென்சாரிலிருந்து ஒன்றும் வராது. யூபிஎஸ்ஸில் ஓடும் புரோகிராம், கடைசியாக வந்த எண்ணையே வைத்துக்கொண்டு நிமிஷங்களை எண்ணும். பெட்டி ஆறிப்போனாலும் துணி பாஸ். அவள் பிரிண்டும் 121 என்றே காட்டும். அவளும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவாள். பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

நான் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் பதினோரு தடவை கரண்ட் போனது. ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் எந்த லாட் துணி இருந்தது, அதன் நம்பர் என்ன என்று நோட்டில் குறித்திருக்கிறேன். வேலையில் ஒழுங்கு வேண்டுமில்லையா.

பேக்கிங்கில் இருக்கும் வெள்ளத்தாய் சேத்தூர்க்காரி. மகளுக்கு ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் என் மேஜைக்கு வந்தாள்.

"நம்ம கம்பெனி துணிதான் தம்பி வச்சுக் கட்டிருக்காவ. கவர்ல நம்பர் பாத்தேன், நான் ஒட்டுனது."

நம்பரைக் கேட்டு நோட்டைப் புரட்டினேன். ஏழாவது தடவை. "நல்லாப் பாத்துக்கங்க" என்றேன்.

நாலாம் நாள் அந்த மகளுக்குத் தையலில் சீழ் வைத்தது. அந்தச் சேதி தெரிந்ததும் ஜாஸ்மின் முகம் வெளுத்துப்போய் என் முன்னால் நின்றாள்.

"எம்புட்டு பிரிண்ட் போட்டாலும் சரியாத்தான் வருதுண்ணே. ஆனா எங்கயோ தப்பு இருக்கு. ஒங்க டீபக்கர்ல ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்."

"இன்னும் பத்து போட்டுப் பாரும்மா" என்றேன். போய்ப் போட்டாள். அன்றைக்கும் இரண்டு லாட் வெளியே போனது.

வெள்ளத்தாயின் மகள் சனிக்கிழமை இறந்துவிட்டாள். ஆமாம் சார், முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஜாஸ்மின் இப்போது டீபக்கர் படிக்கிறாளாம். யாராவது ஒருத்தர் சொல்லிக்கொடுத்துத்தானே ஆக வேண்டும்.