வீராயி வைத்த கைநாட்டு

— மெதுவா வாசி, ஜெயசீலா. பழைய காலத்து எழுத்து. நானும் பாத்தேன், ஒண்ணும் பிடிபடல.

— மாயாண்டி அண்ணாச்சி, மொதல்ல இது யாரு காயிதம், அதச் சொல்லும். லீவு நாளு வெள்ளிக்கெழம ஒருநா தூங்குதவன எழுப்பிவிட்டு வாசி வாசின்னா?

— நான் கார் ஓட்டுறேன்ல, எலன் மேடம். இங்க சவூதியில, தம்மாம்ல டீச்சரா இருக்க அமெரிக்காக்காரம்மா. அது தன் குடும்பத்துக் கதைய எழுதுது. அதோட பாட்டிக்குப் பாட்டி லிடியான்னு ஒருத்தங்க. அவுக பெட்டியில இருந்த காயிதமாம் இது.

— அமெரிக்காக்காரி பெட்டியில தமிழ்க் காயிதமா?

— கேளு. லிடியாம்மா பனி கொட்டுற ஊர்ல வெவசாயம் பாத்த ஒரு சம்சாரி மக. பத்தொம்பது வயசுல ஒரு பாதிரியாரக் கட்டி, நாலு மாசம் கப்பல்ல கெடந்து, எங்க உசிலம்பட்டிப் பக்கம் வந்து பள்ளிக்கூடம் வச்சாக. பெத்த புள்ள ரெண்டும் ஒரே வாரத்துல காலரால போச்சு. அடுத்து புருசனும் போயிட்டாரு. திரும்பி வந்துருன்னு வீட்டுலருந்து காயிதமா வருது. போகல.

— ஏன்?

— தாது வருசப் பஞ்சம் வந்துருச்சே. புளியமரத்தடியில கொப்பரைய வச்சு அம்புட்டுப் பேருக்கும் கஞ்சி ஊத்துனாக. எங்க பூட்டன் அந்தக் கஞ்சியில பொழச்ச ஆளு. அந்த மரம் பட்டுப்போயி எத்தனையோ வருசமாச்சு, இன்னமும் அந்த எடத்துக்குக் கஞ்சிப்புளின்னுதான் பேரு. இத எனக்குத் தெரிஞ்ச அரகொற இங்கிலீசுல மேடத்துக்கிட்ட சொன்னேன். மறுநா இந்தக் காயிதத்தக் கொண்டாந்து நீட்டுது.

— புள்ளைக எல்லாம் செத்துட்டுன்னா, வாரிசு எப்படி வந்துச்சு?

— பஞ்சம் முடிஞ்சு லிடியாம்மா அமெரிக்காவுக்குத் திரும்புறப்ப கையில ஒரு பொம்பளப்புள்ள. கிரேசுன்னு பேரு. அவதான் எலன் மேடம் பாட்டிக்கு ஆத்தா. ஆளு கொஞ்சம் கருப்பாம். இந்தியா வெயில்ல பொறந்தா அப்படித்தான்னு வீட்டுல சொல்லிக்கிருவாகளாம்.

— புருசன்தான் பஞ்சத்துக்கு முன்னாலயே போயிட்டாருங்கீரு?

— அதான் எனக்கும் வெளங்கல. நீ வாசிப்பா.

— சரி. "வீராயி சொல்ல உபதேசியார் எழுதினது. என் பெண்பிள்ளைக்கு ஏழு மாதம். எனக்குப் பால் வற்றிப்போயிற்று. மூத்தவனைப் புதைத்தாயிற்று. நானும் நிலைப்பேனோ அறியேன். இவளைத் துரைசானியம்மாள் கையில் மனதாரக் கொடுக்கிறேன். ஒருவரும் பறிக்கவில்லை. பெரியவளானதும், உன் தாய் உன்னை எறிந்துவிட்டுப் போகவில்லை என்று சொல்லவேண்டியது. இது வீராயி கைநாட்டு."

— ம்... அப்புறம்?

— அம்புட்டுதான் அண்ணாச்சி. கீழ ஒரு கோடு. அதான் கைநாட்டு போல, வளைஞ்சு போயிருக்கு.

— துரைசானியம்மான்னா லிடியாம்மாதான். அப்ப கிரேசு எங்க ஊர்ப் புள்ள.

— ஆமா. இத மேடத்துக்கிட்ட எப்படிச் சொல்லுவீரு? அவங்க பரம்பரப் பெருமைய எழுதுதாங்க. லிடியாவுக்கும் ஒங்களுக்கும் ரத்த சம்பந்தமே இல்லன்னு டிரைவர் போயிச் சொன்னா? கோவத்துல கலாஸ், வேல முடிஞ்சுச்சு, ஊருக்குப் போன்னுட்டா என்ன செய்வீரு?

— பயமாத்தான் இருக்கு. ஆனா வீராயி சொன்ன சொல்லு நூத்தம்பது வருசமா பெட்டிக்குள்ளயே கெடந்திருக்கேப்பா. போயிச் சேரணும்ல. லிடியாம்மா கஞ்சி ஊத்தாட்டி நான் ஏது, எம்புள்ளைக ஏது? அவுக வம்சத்துக்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். நீ போனப் போடு. ஒரு வார்த்த மாத்தாம இங்கிலீசுல சொல்லு.

— யோசிச்சுக்கிடும்.

— யோசிச்சாச்சு. நான் அந்தாண்ட நிக்கிறேன். நீ பேசு.

— அண்ணாச்சி, இங்க வாரும். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

— கோவிச்சுக்கிருச்சா?

— அழுதாங்க. "ஒருவரும் பறிக்கவில்லை"ங்கத மட்டும் மூணு தடவ வாசிக்கச் சொன்னாங்க. வீராயிங்கற பேர எப்படிச் சொல்லணும்னு கேட்டுச் சொல்லிப் பாத்தாங்க. ஒமக்கு ஆயிரம் தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க.

— நான்ல அவுகளுக்குச் சொல்லணும். ரத்தம் வேறன்னதுக்கு ஒண்ணும் சொல்லலயா?

— அது முன்னாலயே தெரியுமாம். எச்சில் எடுத்து டி.என்.ஏ. டெஸ்ட் பண்ணுனதுல எட்டுல ஒரு பங்கு நம்ம பக்கத்து ரத்தம்னு வந்துட்டாம். அதான் மதுரப் பக்கத்து டிரைவராப் பாத்து ஒம்ம எடுத்திருக்காங்க. ஆனா, ஒரு தாய்கிட்டருந்து புள்ளையத் திருடித்தான் தன் வம்சமே உண்டாச்சோன்னு பயந்து, ரெண்டு வருசமா இந்தக் காயிதத்த ஒம்மகிட்ட காட்டாம வச்சிருந்தாங்களாம்.