மெதுவா ஓட வேண்டிய மெஷின்

கத்தறேனா? ஆமா, கத்தறேன். கத்தாம உங்கள மடியில வச்சுக் கொஞ்சணுமா? சார், நீங்க கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதுசா வந்த பெரிய அதிகாரி, சரி. ஆஸ்பத்திரியில இருக்கற மெஷின் எல்லாத்தையும் புதுசாக்கச் சொல்லி மேலேருந்து உத்தரவு, அதுவும் சரி. அதுக்காக எங்க காது பிரிவுல, மூலையில அது பாட்டுக்கு கெடந்த மெஷின் மேலயுமா கை வைப்பீங்க? யாரும் தொடாதீங்கன்னு சிவப்பு மையில எழுதி ஒட்டியிருந்தேனே, கண்ணுல படலையா?

என்னது? பட்டுச்சா? பட்டும் கிழிச்சீங்களா? அடக் கருமமே. ஸ்க்ரூவ மறச்சுதாம், கிழிச்சாராம். சொல்லவே கூசலையா உங்களுக்கு?

பழசுதான் சார், யார் இல்லன்னா? அது பழசாவே இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. இருங்க, தெரியாம பண்ணிட்டேங்கறீங்கல்ல, தெரிஞ்சுக்கங்க. காது கேக்காத சில பேருக்கு மண்டைக்குள்ள ஒரு கருவி வச்சுத் தைச்சிருக்கோம். வெளிய காதுல மாட்டற கருவி சத்தத்த வாங்கி உள்ள அனுப்பும், அது நரம்புக்குக் குடுக்கும். ஆளுக்கு ஆள் சத்தத்தோட அளவு வேற. ஒருத்தர் அளவ இன்னொருத்தருக்கு வச்சா, கதவ சாத்துனா கூட இடி விழுந்த மாதிரி துள்ளுவாங்க. அந்த அளவ வெளிக் கருவியில எழுதற ப்ரோக்ராம் நீங்க தூக்குன மெஷின்ல மட்டும்தான் ஓடும். கருவி செஞ்ச கம்பெனிக்காரன் அந்த மாடலக் கைகழுவிட்டான். புது மாடல் வச்சுக்கங்கறான், வெக்கமே இல்லாம. மண்டைய என்ன, தலகாணி உறை மாதிரி கழட்டி மாட்டறதா?

புது மெஷின்ல ஏத்திக்கலாமா? இது ஒண்ண நான் யோசிக்கலன்னு நெனச்சீங்களாக்கும். அந்த ப்ரோக்ராம் தொடங்குனதும், மெஷின் என்ன வேகம்னு ஒரு கணக்குப் போட்டுப் பாக்கும். எழுதுன மகராசன் இவ்ளோ வேகமா ப்ராசஸர் வரும்னு கனவா கண்டான்? புதுசு கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிச்சிடுது. ஆன நேரம் பூஜ்யம்னு வருது, பூஜ்யத்தால வகுக்கப் போய் அப்படியே படுத்துடுது. சரின்னு நானே ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி பிரேக் போட்டேன். ஆபரேட்டிங் சிஸ்டம் மாறுச்சு, பழைய ப்ரோக்ராம உள்ளயே விடமாட்டேன்னுச்சு. புதுசுக்குள்ள பழசு மாதிரி ஒரு வேஷம் கட்டி ஓட்டுனேன். ப்ரோக்ராம் ஏமாந்துடுச்சு சார். காதுக் கருவிய இணைக்கற பெட்டி இருக்கே, அது ஏமாறல. அதுக்குப் பழைய கார்டுதான் வேணும், கார்டுக்குப் பழைய போர்டு வேணும். போர்டுல ஒவ்வொண்ணா புட்டுக்கிட்டு போகும், நான் பழைய சாமான் கடையெல்லாம் அலஞ்சு வாங்கியாந்து சால்டர் வைப்பேன். உன் பக்கத்துல உக்காந்தா ஈய நாத்தம் அடிக்குதுன்னு வீட்டுக்காரர் தள்ளி உக்காருவாரு.

இவ்ளோ பாடுபட்டு மெதுவா ஓட வச்சா, நீங்க அது மெதுவா ஓடுதுன்னு தூக்கிட்டீங்க. அதுக்கு மீட்டிங்ல கைத்தட்டு வேற. இந்த ஆபீஸ்ல வேகம்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும், மூளையக் கழட்டி வாசல்ல வச்சுட்டு வந்துடறாங்க. குமட்டுது எனக்கு.

நகலா? எல்லார் அளவுக்கும் நகல் எடுத்துதான் வச்சிருக்கேன், நான் உங்கள மாதிரியா? மெஷின் இல்லாம நகல வச்சு நாக்கு வழிக்கறதா?

எத்தன பேருக்குன்னு கேக்கறீங்களா? சீ, கேக்கற கேள்வியப் பாரு. கொஞ்சம் பேர்னா விட்டுடலாமா? ஒரு தையல்காரர் இருக்காரு, ஊசி தட்டற சத்தம் மாறிப் போச்சு, சரி பண்ணிக் குடும்மான்னு வருவாரு. ஒரு டீச்சர், கடைசி பெஞ்சு பசங்க என்ன குசுகுசுக்கறாங்கன்னு தெரியலன்னு சண்டைக்கே வருவாங்க. அவங்க கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, ரூம் இப்ப பளிச்சுனு இருக்குன்னு.

எங்க? திரும்பச் சொல்லுங்க. கீழ்த்தளத்துலயா? கழிவு அள்ளற வண்டி இன்னிக்கேவா? அட மனுஷா, அப்ப ஏன் இன்னும் இங்க நின்னு மன்னிப்பு கேட்டுட்டிருக்கீங்க! உங்க மன்னிப்ப யார் கேட்டா? ஓடுங்க. நசுக்கிட்டாங்கன்னா இன்னொரு கார்டு எங்கயும் கெடையாது. பின்னாடி பச்ச டேப் சுத்தியிருக்கும், அதான். ரெண்டு கையாலயும் தூக்குங்க, தரையில இழுக்காதீங்க.

ஆங், கெடச்சா கீழேருந்து போன் பண்ணாதீங்க. நேரா மேல வந்து என் தோளத் தொடுங்க. ஏனா? எனக்கும் அதே மாடல்தான் சார். இதோ, முடிய ஒதுக்கறேன், பாத்துக்கங்க. வெளிய மாட்டறது நேத்து கீழ விழுந்து ஒடஞ்சுடுச்சு. மாத்துக் கருவி கையிலயே இருக்கு, என் அளவ எழுதிக்கலாம்னு காலைல வந்தா மெஷினக் காணோம். இவ்ளோ நேரம் நீங்க பேசுனதுல ஒரு சத்தம் கூட எனக்கு வரல, உதட்டப் பாத்துதான் பதில் சொல்லிட்டிருக்கேன். அந்த மீசைய மட்டும் கொஞ்சம் கத்தரிங்க, பாதி வார்த்த அதுக்குள்ளயே போயிடுது.