அண்ணன் கை பட்ட வண்டி

பயப்படாதீங்க சார், காலை எடுக்காதீங்க, இன்னும் கொஞ்சம் மிதிங்க. ம்... அம்பது... இப்ப பாருங்க. ஆங், வந்துச்சா? இதுதான் நான் சொன்ன உதறல். குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி ஆடுதா? இப்ப காலை எடுங்க. பாத்தீங்களா, நின்னுடுச்சு. சும்மா நிக்கும்போது ஒண்ணுமே தெரியாது. மேடு ஏறணும், நாலு பேர் உக்காரணும், ஒரு லாரிய முந்தணும், அப்பதான் சனியன் ஆட ஆரம்பிக்கும். விலை ஏன் இவ்வளவு கம்மின்னு கேட்டீங்கல்ல, இதுக்குத்தான். மறைச்சு விக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது.

என்னுது இல்ல சார், தம்பி வண்டி. கூடப் பொறந்தவன். நாலு மணி நேரத் தூரத்துல இருந்தான், வாடகைக்கு ஓட்டிக்கிட்டு. பொண்டாட்டி, ஒரு கைக்குழந்தை, மூணு பேருக்கும் சோறு போட்டது இந்த வண்டிதான். இப்படி உதறினா எவன் சார் ஏறுவான்? ஒரு பெரிய மனுசன் பாதி வழியில இறங்கி, உன் வண்டியில போனா நான் உயிரோட போய்ச் சேரமாட்டேன்னு சொல்லிட்டு வேற வண்டி பிடிச்சாராம். அத என்கிட்ட சொல்லும்போது அழுறான், முப்பத்தஞ்சு வயசு ஆம்பள. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

லெஃப்ட்ல திருப்புங்க. அந்தப் பச்சைக் கதவு, அதான் நம்ம ஷெட்டு. பின்னாடியே வீடு. வாங்க. அந்த டயர் மேல உக்காராதீங்க, பேன்ட்டு போயிடும். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க.

நானே மெக்கானிக்கு, பாக்காம இருப்பேனா? இருபத்திரெண்டு வருசமா இதே பொழப்பு. மொத தடவை வந்தப்ப பிளக் தேஞ்சிருந்துச்சு. நாலும் புதுசு போட்டேன். திரும்ப வந்தான். காயில் மாத்தினேன். திரும்ப வந்தான். பெட்ரோல் ஃபில்டர், இஞ்செக்டர், இஞ்சினைத் தாங்குற ரப்பரு, கடைசியா சக்கரத்துக்குப் போற ஆக்சிலே புதுசு. எல்லாம் ஒரிஜினல், அட்டைப்பெட்டி கூட அந்த அலமாரியில கெடக்கு பாருங்க. ஒவ்வொண்ணா மாத்தும்போதும் அவனையே ஓட்ட வெச்சுக் காட்டுவேன். வெண்ணெ மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகும். அண்ணே, போயிடுச்சுண்ணேன்னு குதிப்பான். சாப்பிட்டுக் கிளம்புவான். ஊரைத் தாண்டி அந்தப் பெரிய மேடு ஏறும், உடனே எனக்கு போன் வரும்.

வேற மெக்கானிக்கா? ஒரு தடவை கேட்டான். தாராளமா போடா, எனக்கென்னன்னேன். போகல. அண்ணன் மனசு சங்கடப்படும்னு போகல. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், சைக்கிள் பஞ்சர்னாக்கூட நான்தான் ஒட்டணும். அண்ணன் கை பட்ட வண்டியில இன்னொருத்தன் கை வைக்கக் கூடாதாம். லூசுப்பய.

அந்தச் சத்தமா? அது எங்கப்பா. உள்ரூம்ல கெடக்காரு. ரெண்டு வருசத்துக்கு முன்ன பாத்ரூம்ல விழுந்தவருதான், இடுப்புக்குக் கீழ உணர்வே கிடையாது. பேச்சும் குழறும். ஆனா வஞ்சகமில்லாம சாப்பிடுவாரு. ஊட்டணும், தூக்கணும், கழுவணும், ராத்திரி மூணு தடவை புரட்டிப் போடணும். என் வீட்டுக்காரி ஆறு மாசம் பாத்தா. அப்புறம் அவ அம்மா வீட்டுக்குப் போனவதான், இன்னும் வரல.

தம்பியா? அப்பல்லாம் வருவான். மாசம் ஒரு தடவை, அரை டசன் ஆரஞ்சோட. வாசப்படியிலேயே கர்ச்சீப்பை மூக்குல வெச்சுக்குவான். அப்பா பக்கத்துல பத்தே நிமிசம். போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அண்ணே நீ தெய்வம்ணேம்பான். தெய்வத்துக்கு முதுகு வலிக்காதா சார்? தெய்வத்துக்குத் தூக்கம் வேணாமா? ஒரு வாரம் வந்து பாருடான்னு ஒரு தடவை வாய்விட்டே கேட்டேன். சவாரி இருக்குண்ணேன்னான். சவாரி.

அட, எங்க எந்திரிச்சிட்டீங்க? இத்தனை தடவை பாத்தும் சரியாகாத வண்டி எனக்கெதுக்குங்கிறீங்க, நியாயம்தான். உக்காருங்க, பத்து நிமிசத்துல சரி பண்ணித் தர்றேன். நெசமாத்தான் சொல்றேன்.

இந்தாங்க, மூணாவது பிளக்கு. சுடும், துணியோட பிடிங்க. நுனியில வளைஞ்ச கம்பி இருக்குல்ல, அதுக்குக் கீழ இந்த மெல்லிசான அளவுத் தகடு ஒண்ணு நுழையிற அளவுதான் இடைவெளி இருக்கணும். இதுல பாருங்க, ரெண்டு தகடு போகுது. சும்மா நிக்கும்போது பொறி எப்படியோ தாண்டிடும். அழுத்தி மிதிச்சா தாண்டாது. மூணு சிலிண்டர் இழுக்கும், ஒண்ணு தூங்கும். அதான் உதறுது. ஒரு தட்டு தட்டி வளைச்சா போச்சு.

தானா விரியுமாவா? விரியும், தேஞ்சு தேஞ்சு வருசக்கணக்குல. இது புது பிளக்கு சார். நான்தான் விரிச்சு விட்டேன். ஒவ்வொரு தடவையும். அவன் உள்ள சாப்பிட்டுக்கிட்டிருப்பான், ரெண்டு நிமிச வேலை.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன பிரேக்கையா கழட்டினேன்? எட்டு மாசம் தாக்குப்பிடிச்சான், பாவம். கடைசியில சவாரி போச்சு, வீட்டைக் காலி பண்ணினான், பொண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. போகட்டும், என் பொண்டாட்டி போகலையா? இப்ப இங்கதான் இருக்கான், மூணு வாரமா. அப்பாவை அவன்தான் பாத்துக்கறான். நான் நல்லா தூங்கறேன். முந்தாநாள் என் தோள்ல சாஞ்சு, எனக்காக நீ எவ்வளவு பாடுபட்டேண்ணே, உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்னு விக்கி விக்கி அழுதான். தட்டிக்குடுத்தேன்.

அவன்கிட்ட சொல்லணுமா? சொல்லுங்களேன். அப்புறம் அவன் ஏன் சார் விக்கப் போறான்? தட்டி வளைச்சுக்கிட்டு இன்னிக்கே கிளம்பிடுவான். இந்த விலைக்கு இப்படி ஒரு வண்டி உங்களுக்கு இன்னொண்ணு கிடைக்குமா, யோசிச்சுப் பாருங்க. இஞ்சினைத் தவிர அத்தனையும் புதுசு.

ம். அதானே பாத்தேன். உக்காருங்க.

டேய் தம்பி! அப்பாவுக்குக் கழுவிட்டியா? கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாடா. சார் வண்டிய எடுத்துக்கறாராம். சாவிய உன் கையாலயே குடு.